எலி மருந்தும் ஜெர்மன்காரர்களின் கிஃப்ட்டும்

எலியைக் கொல்ல நாம் கடையில் போய்க் கேட்பது எலி மருந்து. பருத்திக்கு அடிப்பது பூச்சி மருந்து. இரண்டும் விஷம் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் அதை விஷம் என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருந்த நல்ல சொல் ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டோம். ஜெர்மன்காரர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இதையேதான் செய்தார்கள். அதனால்தான் ஜெர்மன் மொழியில் விஷத்துக்குப் பெயர் கிஃப்ட்.

ஐரோப்பிய மொழிகளில் ஒரே மாதிரி இருந்துகொண்டு வேறு பொருள் தரும் சொற்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம், எழுத்துக்கூட மாறவில்லை பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அங்கேயே நிற்கத் தோன்றும். ஏனென்றால் இவை தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்கள் இல்லை. ஒரே சொல்.

ஜெர்மனில் கொடுப்பதற்கு கேபென் என்பார்கள், ஆங்கிலத்தில் கிவ். அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் கிஃப்ட், அதாவது கொடுக்கப்பட்டது. இதற்கிடையில் கிரேக்க மருத்துவர்களிடம் டோசிஸ் என்று ஒரு சொல் இருந்தது. அதற்கும் பொருள் கொடுத்தல்தான், ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு. இன்று நாம் டோஸ் என்கிறோமே, அதேதான். லத்தீன் வழியாக ஜெர்மன் நாடுகளுக்கு வந்த இந்த டோசிஸுக்கு அங்கே சொந்தச் சொல்லாகக் கிஃப்ட்டை வைத்தார்கள். கொடுக்கப்பட்ட மருந்து என்பது போகப் போக, யாரோ யாருக்கோ ரகசியமாகக் கொடுத்தது என்று ஆகி, கடைசியில் விஷம் என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. நம் ஊரிலும் "மருந்து வைத்துவிட்டார்கள்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது காய்ச்சல் மருந்து இல்லையே. பழைய பொருள் ஜெர்மனில் ஒரே ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது: மிட்கிஃப்ட், கூடக் கொடுப்பது, அதாவது சீதனம்.

சுவீடனுக்குப் போனால் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஸ்வீடிஷ் மொழியில் விஷத்துக்கும் இதே சொல்தான், கல்யாணம் ஆனவர் என்பதற்கும் இதே சொல்தான். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. "பெரியவளை மதுரையில் கொடுத்திருக்கிறோம்" என்று ஓர் அம்மா சொன்னால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். கொடுக்கப்பட்டவள், கிஃப்ட். பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசப் பணத்தைத்தான் குறித்தது. பன்மையில் சொன்னால் கல்யாணம். அப்போது அதை யிஃப்ட் என்பது போல உச்சரித்தார்கள். இன்றைய ஆங்கிலத்தில் கேட்கும் அழுத்தமான க, இங்கிலாந்தில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழி விட்டுப்போனது.

ஆங்கிலச் சொல்லான பாய்சனும் சுத்தமான ஆள் இல்லை. லத்தீனில் போத்தியோ என்றால் குடிப்பது, ஒரு மிடறு பானம், அவ்வளவுதான். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு இரண்டு தடவை வந்தது, ஒரு தடவை போஷன் என்று மருந்துக் கஷாயமாக, இன்னொரு தடவை பாய்சன் என்று விஷமாக. பிரெஞ்சில் அதே எழுத்துகளோடு இன்னோர் எஸ் சேர்த்து எழுதினால் மீன். உணவு விடுதியில் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு எஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த மீன் லத்தீனின் பிஸ்கிஸ் வழி வந்தது, விஷத்தோடு எந்த உறவும் இல்லை. கிரேக்கர்களோ மருந்து, விஷம் இரண்டுக்கும் சேர்த்து ஃபார்மகோன் என்று ஒரே சொல் வைத்திருந்தார்கள், ஃபார்மசி அதிலிருந்து வந்தது. செக் நாட்டு மளிகைக் கடைகளின் பலகையில் பொத்ரவினி என்று இருக்கும், உணவுப் பொருட்கள் என்று பொருள். ரஷ்யர் காதுக்கு அது அத்ரவா என்ற சொல்லை நினைவூட்டும், அது விஷம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஊட்டுதல் என்ற ஒரே வேர், போலிஷ்காரர்கள் அதே வேரை வைத்துச் செரிமானத்தைச் சொல்கிறார்கள். கொடுத்தது, குடித்தது, ஊட்டியது. இத்தனை மொழிகள் விஷத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் தவிர்த்திருக்கின்றன.

இப்படித் தோற்றத்தில் ஒத்து, பொருளில் காலை வாரும் சொற்களுக்குப் பொய் நண்பர்கள் என்று பெயர் வைத்தவர்கள் கோஸ்லர், டெரோக்கின்யி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலச் சொற்கள் பிரெஞ்சுக்காரர்களை எப்படி ஏமாற்றுகின்றன என்பதைப் பற்றி 1928இல் அவர்கள் எழுதிய புத்தகத்தின் தலைப்பே அதுதான். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பொய்யும் இல்லை, நண்பர்களும் இல்லை. சின்ன வயதில் பிரிந்து வேறு வேறு ஊர்களில் வளர்ந்த அக்கா தங்கைகள்.

ஸ்பானிஷ் கற்கிற ஆங்கிலக்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் எம்பராசாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, எம்பாரஸ் என்ற ஆங்கிலச் சொல்லை ஸ்பானிஷ் மாதிரி ஆக்கிச் சொல்வார்கள். கேட்பவருக்கு நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று விழும். வேர் என்ன என்றால், போர்ச்சுகீசிய மொழியில் கயிற்றைக் குறிக்கும் பராசோ என்ற சொல் என்று சொல்கிறார்கள். கயிறு காலில் சுற்றிக்கொண்டால் நடக்க முடியாது, தடை. அந்தத் தடை ஸ்பானிஷில் உடம்பைச் சுமையாக்கும் கர்ப்பமானது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது முதலில் வழியை மறிப்பதாக இருந்து, அப்புறம்தான் மனதை மறிக்கும் கூச்சமானது. ஸ்பானிஷில் கான்ஸ்டிபாடோ என்றால் சளி பிடித்திருக்கிறது, ஆங்கிலத்தில் கான்ஸ்டிபேட்டட் என்றால் மலச்சிக்கல். லத்தீனில் நெருக்கி அடைத்தல் என்பதுதான் மூலம், அடைத்த இடம் மட்டும் வேறு. ப்ரிசர்வேடிவ் என்று ஆங்கிலத்தில் ஊறுகாய் பாட்டிலில் போடுவது, பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன், போலிஷ், ரஷ்யன் என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஆணுறை. காப்பது என்ற பொருளை விட்டு எதுவும் விலகவில்லை.

பிரிந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்க்லெப். போலந்தில் ஸ்க்லெப் என்றால் கடை. பக்கத்து நாடான செக்கில் அது நிலவறை. ரஷ்யாவில் கல்லறை மண்டபம். போலந்துக்காரர் நான் ஸ்க்லெப்புக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சொன்னால் ரஷ்யர் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ஸ்லாவிய மொழியில் அது வளைவுக் கூரை போட்ட கட்டடம். மேலே வளைவு, கீழே குளிர்ச்சியான இருட்டு அறை. அந்த அறையில் ஒருவர் சரக்கு வைத்து விற்றார், ஒருவர் உருளைக்கிழங்கும் பீரும் வைத்தார், ஒருவர் இறந்தவர்களை வைத்தார். கட்டடம் ஒன்றுதான்.

அதே செக் நாட்டில் வாங்கும் ரொட்டி செர்ஸ்த்வி என்றால் இப்போதுதான் சுட்டது, புதுசு. ரஷ்யாவில் சோர்ஸ்த்விய் என்றால் காய்ந்து கெட்டியாகிப்போன பழைய ரொட்டி. உறுதியானது, திடமானது என்பதுதான் மூலப் பொருள். திடமாக இருப்பவன் துடிப்பாக இருக்கிறான், அதனால் புதுசு, திடமாகிப்போன ரொட்டியைக் கடிக்க முடியாது, அதனால் பழசு. போலிஷ் மொழி இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது, அங்கே ரொட்டிக்குச் சொன்னால் காய்ந்தது, ஒரு தாத்தாவைப் பற்றிச் சொன்னால் நல்ல தெம்பாக இருக்கிறார் என்று பொருள். இதே உறுதி என்ற கருத்திலிருந்துதான் ஆங்கிலத்தின் ஃபாஸ்ட் வேகமானது, ஜெர்மனின் ஃபாஸ்ட் "கிட்டத்தட்ட" என்று ஆனது. துணிக் கடையில் கலர் ஃபாஸ்ட் என்கிறார்களே, சாயம் போகாது, பிடித்து நிற்கும் என்று, அந்த ஃபாஸ்ட் பழைய பொருளிலேயே இருக்கிறது.

வேலி ஒன்றின் கதையும் உண்டு. ஜெர்மனில் ட்ஸௌன் என்றால் வேலி. டச்சுக்காரர்கள் அதே சொல்லை டாய்ன் என்கிறார்கள், தோட்டம். ஆங்கிலத்தில் அதுவே டவுன், ஊர். வேலி, வேலிக்குள் இருக்கும் நிலம், வேலிக்குள் வாழும் ஆட்கள் என்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு தூரத்தில் நின்றுவிட்டது. ஜெர்மனின் செலிக் என்றால் அருள் பெற்றவர், ஆங்கிலத்தின் சில்லி என்றால் அசடு. அதுவும் ஒரு காலத்தில் அருள் பெற்றவராகத்தான் இருந்தது, அப்புறம் வெகுளி, அப்புறம் பாவம், அப்புறம் முட்டாள். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணமாகவும் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சரிவு புதிதாக இருக்காது.

சரி, இது வரைக்கும் சொன்னவை எல்லாம் உறவுக்காரச் சொற்கள். இனிமேல்தான் உண்மையான சிக்கல். ஒரே தோற்றம், ஒரே பொருள், ஆனால் உறவே கிடையாது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மச் என்றால் அதிகம், ஸ்பானிஷில் முச்சோ என்றால் அதிகம். யார் பார்த்தாலும் ஒன்று என்பார்கள். பின்னால் போய்ப் பாருங்கள்: முச்சோ லத்தீனின் முல்துஸ், மல்டி என்கிறோமே அது. மச்சின் பழைய வடிவம் மிச்செல், அது கிரேக்கத்தின் மேகாஸ், சமஸ்கிருதத்தின் மஹா ஆகியவற்றின் இனம். ஆக ஆங்கிலக்காரரின் மச்சுக்குச் சொந்தம் பக்கத்து ஸ்பெயினில் இல்லை, நம்முடைய மகாராஜாவில் இருக்கிறது. ஐலண்டும் ஐலும் இரண்டுமே தீவு, இரண்டுக்கும் நடுவில் உச்சரிக்காத ஓர் எஸ், ஆனால் உறவு இல்லை. ஐலண்ட் பழைய ஆங்கிலத்தில் எஸ் இல்லாமல்தான் இருந்தது, லத்தீனின் இன்சுலாவிலிருந்து வந்த ஐலைப் பார்த்துப் படித்தவர்கள் பின்னால் சொருகிவிட்டார்கள்.

இதைச் சோதிக்க எளிமையான வழி, பழைய வடிவங்களைத் தேடிப் பின்னால் நடப்பதுதான். உறவு இருக்கும் சொற்கள் பின்னால் போகப் போக நெருங்கி வரும். உறவு இல்லாதவை விலகிப் போகும்.

இப்படி நடப்பதற்கான பாதையைப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் நாம் சிறுவர் கதைகளில் கேள்விப்பட்ட கிரிம் சகோதரர்களில் மூத்தவர், யாக்கோப் கிரிம். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786இல் அங்கே பேசினார். டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க் 1818இல் அச்சேறிய ஆய்வில் ஜெர்மன், ஆங்கிலம் முதலான ஜெர்மானிய மொழிகளின் மெய்யெழுத்துகள் ஒரு முறைப்படி மாறியிருப்பதைக் காட்டினார். 1822இல் கிரிம் அதை முழு விதியாக எழுதினார். லத்தீனில் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வரும்: பாத்தெர், ஃபாதர். பிஸ்கிஸ், ஃபிஷ். க இருக்கும் இடத்தில் ஹ வரும்: கொர்னு, ஹார்ன். கெந்தும், ஹண்ட்ரட். த சத்தமும் அப்படித்தான், லத்தீனின் துஓ, தெகெம் ஆகியவற்றில் இருக்கும் மெல்லிய த ஆங்கிலத்தில் டூ, டென் என்று வல்லொலியாகிறது. ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, நூற்றுக்கணக்கான சொற்களில்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு லத்தீனின் ஹபேரே, ஜெர்மனின் ஹாபென் இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் பொருள் உடைமை, என்னிடம் இருக்கிறது என்பது. நான்கு எழுத்து அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் விதிப்படி லத்தீனின் ஹ, ஜெர்மனிலும் ஹ ஆகவே இருக்கக் கூடாது! ஒத்துப்போவதுதான் இங்கே குற்றத்தின் தடயம். ஹாபெனுக்கு லத்தீனில் க வேண்டும், தேடினால் காபெரே கிடைக்கிறது, பிடித்தல், கேப்சர் அதிலிருந்து வந்தது. லத்தீனின் ஹவுக்கு ஜெர்மன் பக்கம், காந்தி என்பதில் வருவது போன்ற மெல்லிய க வேண்டும். லத்தீனில் ஹொஸ்திஸ் என்றால் பகைவன், ஜெர்மனில் காஸ்ட் என்றால் விருந்தாளி, இரண்டும் வெளியூர் ஆள் என்ற ஒரே சொல்தான், ஆங்கிலத்தின் கெஸ்ட்டும் அதுவே. அப்படியென்றால் ஹபேரேயின் ஜோடி யார்? மொழியியலாளர்கள் கைகாட்டுவது கேபென், கொடுத்தல். நாம் ஆரம்பித்த கிஃப்ட்டின் தாய்.

ஆங்கிலத்தின் டே, ஸ்பானிஷின் தீயா இரண்டும் பகல், அவையும் இப்படி மாட்டிக்கொள்கின்றன. தீயா வந்த லத்தீன் தியேஸ், ஒளி வானத்தைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. லத்தீனின் தேவுஸ், சமஸ்கிருதத்தின் தேவ எல்லாம் அந்தக் குடும்பம். விதிப்படி அந்த மெல்லிய த ஆங்கிலத்தில் டூ, டென் போல வல்லொலி ட ஆக வேண்டும், ஆனால் டேயில் இருப்பது மெல்லிய ட, அதன் பழைய ஜெர்மானிய வடிவத்திலும் வல்லொலி இல்லை, ஆகவே அது வேறு வீட்டுப் பிள்ளை. அந்தக் குடும்பத்தின் உண்மையான வாரிசு ஆங்கிலத்தில் எங்கே என்றால் ட்யூஸ்டேயின் முன்பாதியில். அது தீவ் என்ற பழைய ஜெர்மானியக் கடவுளின் பெயர், நம் தேவனின் உறவு. கிரேக்கர்கள் கடவுளைத் தெயோஸ் என்றது தேவுஸைப் போலவே கேட்கிறது, பொருளும் அதே, உறவு மட்டும் இல்லை. இத்தாலியில் புர்ரோ வெண்ணெய், ஸ்பெயினில் புர்ரோ கழுதை, இது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், இத்தாலியப் புர்ரோவின் சொந்தக்காரர் பட்டர். இத்தாலியில் குழாயில் கால்தோ என்று எழுதியிருந்தால் ஜெர்மன்காரர் கால்ட், குளிர் என்று நினைத்துத் திறந்து சுட்டுக்கொள்வார். அது சூடு, கலோரியின் இனம்.

கடன் வாங்கிய சொற்களில் இந்த ஒலிவிதிகள் தேதி முத்திரை போல வேலை செய்கின்றன. திப்பிலிக்கு வடமொழியில் பிப்பலி. அது கிரேக்கத்தில் பெபெரி, லத்தீனில் பிபெர் ஆகி மிளகோடு ஐரோப்பா முழுக்கப் போனது. ஆங்கிலத்தில் பெப்பர் என்று ப அப்படியே இருக்கிறது, ஃபெஃபர் என்று மாறவில்லை, ஆகவே கிரிம் சொன்ன மாற்றம் முடிந்த பிறகுதான் அது அங்கே போயிருக்கிறது. ஆனால் ஜெர்மனில் ப்ஃபெஃபர் என்கிறார்கள். கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி ஜெர்மனில் மட்டும் இரண்டாவதாக ஒரு மாற்றம் நடந்தது, ஆப்பிள் ஆப்ஃபெல் ஆனது அப்போதுதான். மிளகு அதற்கு முன்பே ரோமர்களிடமிருந்து வந்து சேர்ந்துவிட்டது என்பதை அந்த ஓர் ஒலி காட்டிக்கொடுக்கிறது. பின்னால் வந்த காகிதம் அங்கே பாப்பியர் என்று ப மாறாமல்தான் இருக்கிறது.

இஞ்சிக்கு ஜெர்மனில் இங்வெர். தமிழர் யார் பார்த்தாலும் இஞ்சிவேர் என்று துள்ளுவார்கள், அறிஞர்கள் பலர் சொல்லும் முடிவும் அதுதான், ஆனால் வந்த வழியைப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் அது ஸிங்கிபெரிஸ், பாலி மொழியில் சிங்கிவேர. முதலில் ஒரு ச இருந்தது. தமிழ் இஞ்சியின் பழந்திராவிட வடிவத்திலும் ச இருந்தது என்கிறார்கள், அது தமிழில் உதிர்ந்தது. ஜெர்மனிலும் முதல் மெய் தனியாக உதிர்ந்தது. இங்வெரும் இஞ்சியும் இ என்று தொடங்குவது தற்செயல், சொல் மட்டும் உண்மையிலேயே ஒன்று. நடுவில் சமஸ்கிருதத்தில் இதைச் சிருங்கவேர என்று ஆக்கி, சிருங்கம் என்றால் கொம்பு, கொம்பு போல் இருப்பதால் இந்தப் பெயர் என்று விளக்கமும் சொல்லிவிட்டார்கள். தோற்றத்தைப் பார்த்துக் கதை சொல்வது அன்றைக்கே இருந்திருக்கிறது.

இன்றைக்கும் இருக்கிறது, அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். எட்டு, எய்ட் ஒன்றாக இருக்கிறது, ஒன்று, ஒன் ஒன்றாக இருக்கிறது, ஆகவே ஆங்கிலம் தமிழிலிருந்து வந்தது என்று அனுப்பும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, தமிழுக்கு இஞ்சி போன்ற நிஜமான பயணங்கள் இருக்கும்போது பொய்யானவை எதற்கு? எய்ட்டை எழுதும்போது நடுவில் ஜி, எச் வருகிறதே, அது சும்மா இல்லை, அங்கே ஒரு காலத்தில் ஹ போல ஒரு கரகரப்பு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் எயஹ்டா, ஜெர்மனில் அஹ்ட், லத்தீனில் ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. எட்டைப் பின்னால் தள்ளினால் எண்பது, எண்ணூறு என்பதில் இருக்கும் எண் வருகிறது, கன்னடம் இன்றும் எண்ட்டு என்கிறது. ஒரு பக்கம் ஒக்தோ, இன்னொரு பக்கம் எண். இரண்டும் விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒன்னின் முன்னால் கேட்கும் வகர ஒலி பின்னால் வந்து ஒட்டியது, அதன் பழைய உயிரொலி அலோன், ஒன்லி ஆகியவற்றில் தங்கியிருக்கிறது.

நிஜ உறவுக்கு முகச்சாயலே தேவையில்லை. ஜோன்ஸ் சொன்ன அந்த ஒரே ஊற்றான பழைய இந்திய-ஐரோப்பிய மொழியில் சுழல்வதைக் குறித்த ஒரு சொல் இருந்தது, க்வெக்வ்லோஸ் என்று மீட்டு எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் அது குக்லோஸ், வட்டம். சமஸ்கிருதத்தில் சக்ர. ஆங்கிலத்தில் முதல் க, கிரிம் விதிப்படி ஹ ஆகி, ஹ்வேயோல் என்று இருந்து தேய்ந்து வீல் ஆகிவிட்டது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் யாரும் உறவு என்று சொல்ல மாட்டார்கள். குக்லோஸ் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சைக்கிள் ஆனது, சக்ர நம்மிடம் சக்கரமானது. தெருமுனைக் கடையில் போய் "அண்ணே, சைக்கிள் வீல் கோட்டமா இருக்கு, அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு பையன் சொன்னால், அவன் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லியிருக்கிறான்.